கம்பிச்சுருளில் பூனை

கொழிஞ்சாம்பாறையில் இரண்டாம் மாடி,
பதினொரு மாத ஒப்பந்தம்.
ஆணி அடிப்பதென்றாலும்
சௌதாமினி டீச்சரிடம் கேட்க வேண்டும்.
காருக்குக் கரண்ட் ஏற்றுவது பற்றி
அதில் ஒரு வரி இல்லை;
எழுதும்போது என்னிடம் கார் இல்லை.

கார் வந்தது ஆனியில்.
பால்கனிக் கிராதி வழியே
ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயரை இறக்கினேன்.
முப்பது மீட்டர். வேண்டியிருந்தது பன்னிரண்டு.
மிச்சத்தை உருளையிலேயே விட்டுத்
தூணோரம் வைத்தேன்.
மழைக்கு, இணைப்பின் மேல்
பால் கவரைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது.
பகலெல்லாம் கோவையில் என் வேலை
பம்புசெட்டுகளில் கசிவு பார்ப்பது.
மோட்டாரின் உடம்பில் ஊசிமுனை கரண்ட் தென்பட்டாலும்
சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ளிவிடுவேன்.
என் கையெழுத்து இல்லாமல்
ஒன்றும் கிணற்றில் இறங்காது.

காலை ஆறே முக்காலுக்கு வேலந்தாவளம் சாவடி.
கோழி வண்டியை நிறுத்துவார்கள்,
தேங்காய் லாரியை நிறுத்துவார்கள்.
காலுக்கடியில் இருபது யூனிட் கேரளக் கரண்டோடு
எல்லை தாண்டும் என்னை
ஒருவரும் கேட்டதில்லை.

கண்டுபிடித்தது பூனை.
கீழ்வீட்டு ஜோஸ்மியுடையது, காது கிழிந்தது.
முன்பு குடியிருந்தவரின் டீசல் வண்டி
வந்து நின்றதும் பானெட்டில் ஏறிப் படுக்குமாம்.
என் வண்டியிலும் ஏறிப் பார்த்தது.
சில்லென்ற தகரம். இறங்கிவிட்டது.
பிறகு ஒரு வாரம்
கம்பிச்சுருளின் மேல் தூங்கியது,
அப்படி ஒரு தூக்கம்.

ராத்திரி பதினொன்றரை.
கணவாய் வழியாக வந்த ஆடிக்காற்று
கூரைத் தகடுகளைத் தட்டிக்கொண்டிருந்தது.
பூனையைத் தூக்கிவிட்டு
அது படுத்த இடத்தில் கை வைத்தேன்.
பூனையின் சூடு என்றுதான் முதலில் நினைத்தேன்.
கையை எடுக்காமல் நின்றேன்.
குறையவில்லை.

மாடிக்கு ஓடினேன்.
ப்ளக்கின் ஒரு காலைச் சுற்றி
வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது,
தோசையின் ஓரம் போல.
ஸ்விட்ச்சை அணைத்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
நிகிலாவின் கட்டில்.

“போகும்போது கம்பியைப் பிடுங்கிக்கொண்டு
ஓட்டையை எனக்கு விட்டுப் போவாயா?”
டீச்சர் கேட்டார்.
பதில் சொல்லாமல் ப்ளக்கை மேசையில் வைத்தேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டு
வெகுநேரம் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.
“ரப்பாயியை விளி.”

ரப்பாயி மீட்டர் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.
“எர்த்து இல்லை சேச்சி.
மூணாவது ஓட்டை அழகுக்கு.”

பத்து வருடமாகப் பச்சை வயர்
சுவருக்குள் போய் எங்கும் சேராமல் நின்றிருக்கிறது.
ஃப்ரிட்ஜ், கிரைண்டர், ஹீட்டர்,
ஜோஸ்மியின் அயர்ன் பாக்ஸ்,
எல்லாம் அதை நம்பி.

தென்னையடியில் குழி.
கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு, நடுவில் குழாய்.
மீட்டர் பெட்டியிலிருந்து தடித்த கம்பி
எங்கும் கிளை பிரியாமல்
வண்டி நிற்கும் இடம் வரை.
தனி பிரேக்கர் ஒன்று.
முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிறது இன்னொன்று;
அதன் டெஸ்ட் பட்டனை டீச்சர்தான் அழுத்தினார்.
டக்கென்று விழுந்ததும் ஓரடி பின்வாங்கினார்.
தூக்கிவிடச் சொல்லி
இன்னொரு தடவை அழுத்தினார்.

செலவில் பாதி அவர், பாதி நான்.
ஒப்பந்தத்தின் ஓரத்தில் அவர் மலையாளத்தில் எழுதினார்:
கம்பி சுவரோடு இருக்கும், சார்ஜர் ஆளோடு போகும்.
நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

மாசியில் மண் வெடிக்கிற ஊர்.
ஈரம் போனால் எர்த்து பிடிக்காது என்று
ரப்பாயி சொல்லியிருக்கிறார்.
ஞாயிற்றுக்கிழமை குழிக்கு ஒரு குடம்.
தண்ணீர் லாரி வராத வாரம்
அரிசி கழுவியது.

புது வயர் சூடாவதில்லை.
பூனை தூணோரம் உட்கார்ந்து
சுருள் இருந்த இடத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்க்கிறது.
சாக்கு ஒன்றை மடித்துப் போட்டேன்.
முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.