நாற்பத்தொன்றாம் விரிசல்

க்ரோனிங்கன் வயல்களுக்கு அடியில் எரிவாயு.
அறுபது வருடம் உறிஞ்சினார்கள்.
இப்போது மண்
அவ்வப்போது தூக்கத்தில் புரண்டு படுக்கிறது.
எனக்குச் சம்பளம் அதில்தான்.
விரிசல்களை எண்ணுகிறவன் நான்.

ஹில்யே பூர்மாவின் வீட்டுக்கு
மூன்றாம் முறையாகப் போனது பிப்ரவரியில்.
வெளிச்சுவருக்கு நாலு மரக்கட்டை முட்டு.
ஊன்றுகோலோடு நின்றது வீடு.
"காலணியைக் கழற்ற வேண்டாம்,
தரையே கழன்றுகொண்டிருக்கிறது" என்றாள்.

காப்பி. கூடவே ஒரே ஒரு பிஸ்கட்.
நான் எடுத்ததும் டப்பாவை மூடி
அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

முன்னறையில் பதினேழு.
மாடிப்படியோரம் ஒன்பது.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு புகைப்படம்,
மில்லிமீட்டரில் அகலம்.
படிவத்தில் ஒரு கேள்வி உண்டு:
சேதத்துக்கு முன் வீடு எந்த நிலையில் இருந்தது?
ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்:
"ஏதேன் காலத்தையா கேட்கிறார்கள்?"
நான் சிரித்தேன்.
அவள் கொஞ்சம் பொறுத்துச் சிரித்தாள்.

ஆலயத்தையும் பூட்டியாயிற்று, கோபுரம் சாய்கிறதாம்.
ஞாயிறுதோறும்
பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில்,
கூடைப்பந்து வளையத்தின் கீழே
சங்கீதம் பாடுகிறார்கள்.
போன வாரப் பிரசங்கம் பரலோகத்தைப் பற்றி.
நமக்கென்று அங்கே வீடு தயாராகிறதாம்,
முன்னாலே போயிருக்கிறாராம் அவர்.

"தச்சு வேலை தெரிந்தவர், அதனால் நம்புகிறேன்.
ஒப்பந்தக்காரர் என்றால் நம்பியிருக்க மாட்டேன்.

பொன் வீதி எனக்கு வேண்டாம்.
ஜனவரியில் வழுக்கும்.
முத்து வாசலும் வேண்டாம்,
கொட்டிலிலிருந்து வந்த கையால்
ரைன்ட் அதைத் தொட்டுவைப்பான்.
இழுத்தால் மூடுகிற ஒரு கதவு போதும்.
பிறகு,
யாரும் அளவுநாடாவோடு வராத
ஒரு செவ்வாய்க்கிழமை."

நான் அளவுநாடாவை மெல்லச் சுருட்டினேன்.

மாடியில், படுக்கையறையில், நாற்பத்தொன்று.
கூரைமூலையில் தொடங்கி
கட்டிலின் தலைமாட்டுவரை
மின்னல் இறங்கின மாதிரி.
ஆறு மில்லிமீட்டர். பெரியது அதுதான்.
"அதை மட்டும் எழுதாதே."

மாடுகளை விற்றதில் சண்டை.
பதினொரு மாதம் ரைன்ட் அவளோடு பேசவில்லை.
உப்பு வேண்டுமென்றால் விரலால் காட்டுவான்.
ஒரு பின்னிரவு, மூன்று மணி,
வீடு குலுங்கி இந்தச் சுவர் பிளந்தது.
இருட்டில் ஒரு கை வந்து
அவள் கையைத் தேடிப் பிடித்தது.
ஹில்யே, என்றானாம்.
அவ்வளவுதான் சொன்னான்.
விடியும்வரை விடவில்லை.
அந்த வசந்தத்திலேயே போய்விட்டான்.

"குறையில்லாத வீடு என்கிறார் போதகர்.
குறையில்லாதது என்றால் பூசி மெழுகினதா?
உயிர்த்தெழுந்தவர்கூடத்
தம் கைத் தழும்புகளைப் பூசி மறைக்கவில்லையே.
நீட்டியல்லவா காட்டினார்.
அங்கேயும் இந்தக் கோடு இருக்கும்.
காற்று மட்டும் வராது அதன் வழியே."

நான் நம்பிக்கையுள்ளவன் இல்லை.
ஆனாலும் நாற்பதுக்குப் பிறகு
நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.

கணினி ஏற்கவில்லை. சிவப்பு எழுத்தில் கேட்டது:
நாற்பத்தொன்று எங்கே?
எண்ணுவதில் பிழை, என்று பதில் போட்டேன்.
பத்து வருடத்தில் என் பெயரில் அது ஒன்றுதான்.

அக்டோபரில் வீட்டை இடித்தார்கள்.
எப்படியும் இடித்திருப்பார்கள்.
அதற்குள் அவளுக்குத் தற்காலிக வீடொன்று கொடுத்திருந்தார்கள்,
நாற்பது வீடுகளும் ஒரே அச்சு.
பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை அவள்.
"தற்காலிகம்தானே" என்றாள்,
அந்த வீட்டை மட்டும் சொல்வதாகத் தெரியவில்லை.

படுக்கையறைச் சுவர் கடைசியாக விழுந்தது.
சாலையோரம் மழைக்கோட்டோடு நின்று பார்த்தாள்.
தூசி அடங்க நேரமாயிற்று.
பிறகு கைப்பையிலிருந்து
அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தாள்.
எனக்கு நீட்டினாள்,
இயந்திரக்காரனுக்கு நீட்டினாள்,
வேடிக்கை பார்த்த பையன்களுக்கும்.
நான் ஒன்று எடுத்துக்கொண்டேன்.
மூடிவிடுவாள் என்று பார்த்திருந்தேன்.

மழை தூறத் தொடங்கியது.
டப்பா திறந்தே இருந்தது.