செலவுப் பக்கம்

மூன்று நாள் பயிற்சி என்றார்கள்.
போக வர ஆட்டோ காசு, மதியம் சோறு, முட்டை.
முட்டைக்காகத்தான் போனேன் என்று
இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

பஞ்சாயத்துக் கட்டடத்தில் இன்னும் சுண்ணாம்பு வாசனை.
இருபத்தைந்து நாற்காலிகள். நாங்கள் முப்பத்தொரு பேர்.
ஒவ்வொருவராய் எழுந்து
பெயரும் கனவும் சொல்ல வேண்டுமாம்.
பெயர் சுலபம். ரைதான் ஜானி.
எனக்கு முன்னால் கம்லு பைக் என்றான்,
நானும் பைக் என்றேன்.
சுவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தன பதினோரு பைக்குகள்.

பயிற்சியாளர் புவனேஸ்வரத்துக்காரர். நல்ல மனிதர்.
எங்கள் தேசியாவில் மூன்றே வார்த்தை தெரியும் அவருக்கு,
அதில் ஒன்று லாபம்.

இரண்டாம் நாள் நர்ஸ் வந்தாள்.
விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு.
மலை ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று
மலை மேல் இருப்பவர்களைக் கேட்டாள்.
ரத்தத்துக்கு மார்க் போட்டு உரக்க வாசித்தாள்.
எனக்குப் பதினொன்று.
பல்மதிக்கு ஏழரை.
யாரோ கைதட்டினான்.
"என்னுடையதை என் காதில் சொல்லியிருக்கலாம்"
என்றாள் பல்மதி.
நர்ஸ் அதன்பிறகு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்.

மாதவிலக்குப் பாடம் வந்தபோது
பையன்கள் எழுந்தோம்.
"உட்காருங்கள், உங்கள் வீட்டிலும் ரத்தம் உண்டு."
கம்லு ஒரு மணி நேரம்
கட்டைவிரலால் சிமெண்ட்டைத் தோண்டிக்கொண்டிருந்தான்.
ஒரு கேள்வி மட்டும் கேட்டான், கடைசியில்.
நல்ல கேள்வி. இங்கே எழுதமாட்டேன்.

மூன்றாம் நாள் கணக்கு.
வெள்ளைப் பலகையில் புளி.
கொட்டையோடு பத்துக் கிலோ, முந்நூறு ரூபாய் மதிப்பு.
நார் உரித்து, கொட்டை எடுத்து, காயவைத்தால் ஐந்து கிலோ.
பாக்கெட், லேபிள், ஆட்டோ தொண்ணூறு.
விற்றால் ஐந்நூற்று ஐம்பது.
மீதி நூற்று அறுபது.
அதைச் சுற்றி வட்டம் போட்டு
வட்டத்துக்குச் சிரிப்பும் வரைந்தார்.

"அதை உரித்தது யார்?"

"நீதான் அம்மா."

"ஒன்றரை நாள் ஆகும்."

"உன் கை, உன் வீடு. அதற்கு யாருக்கும் காசு தர வேண்டாம்.
சொந்தத் தொழிலின் அழகே அதுதான்."

பல்மதி எழுந்து போய் மார்க்கரை வாங்கினாள்.
"கோயம்புத்தூர் மில்லில் இரண்டு வருஷம் இருந்தேன்.
ராத்திரி ஷிப்டுக்கும் ஒரு விலை இருந்தது.
குறைச்சல்தான். ஆனால் எழுதினார்கள்."

செலவுப் பக்கத்தில் எழுதினாள்:
ஒன்றரை நாள் கூலி, முந்நூற்று எழுபத்தைந்து.
சிரிப்பை விரலால் அழித்தாள்.
நஷ்டம், இருநூற்றுப் பதினைந்து.

அவர் கையேட்டைப் புரட்டினார்.
"இதில் அப்படி ஒரு வரி இல்லையே."
பல்மதி தன் கையேட்டைத் திறந்து
நேற்று தந்த இரும்புச்சத்து மாத்திரை அட்டையை
அடிக்கோலாய் வைத்து
ஒரு கோடு இழுத்தாள்.

சான்றிதழில் என் பெயர் ரைதாஸ் என்று வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை குந்துளிச் சந்தை.
"கிலோ நூற்று ஐம்பத்து மூன்று."
"அதென்ன மூன்று?" வியாபாரி சிரித்தார்.
அவள் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தாள்.
அவர் அடுத்த கோணிக்குப் போய்விட்டார்.
ஒரு டீச்சரம்மா மட்டும் இரண்டு அரைக்கிலோ வாங்கினாள்,
மூன்று ரூபாயை நாணயமாய் எண்ணி வைத்து.

பொழுது சாய்ந்தது. நான்கு கிலோ மிச்சம்.
"நஷ்டமா?" என்றேன்.
"இங்கே உட்கார்ந்த நாளையும் சேர்த்தால்
அடுத்த வாரம் இருநூற்று மூன்று சொல்ல வேண்டும்."
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்,
மூட்டையைத் தலைக்குத் தூக்கும்வரை நிற்கவில்லை அந்தச் சிரிப்பு.
ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்றாள், மூச்சுக்கு.

என் துடைப்பம் நாற்பது கட்டு,
எல்லாம் விற்றுவிட்டது, எப்போதும்போல, கேட்ட விலைக்கு.
விளக்கடியில் கையேட்டைத் திறந்தேன்.
புல் அறுத்தது நான்கு நாள்.
கட்டியது இரண்டு.
நடுவே மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன்,
ஈரப் புல் மேல் படுத்ததால் வந்தது.

அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று
நாளை பல்மதியைக் கேட்க வேண்டும்.