ஐந்நூற்று ஒன்று

ஆறு இருக்கு, தண்ணி இல்லை.
மலை இருக்கு, மரம் இல்லை.
வேலூரைப் பற்றி அப்படி ஒரு பேச்சு உண்டு.
எங்கள் பிரிவு அலுவலகத்துப் பூபாலன்
இன்னொன்றைச் சேர்த்துவிட்டார்:
கரண்ட் இருக்கு, விலை இல்லை.
சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்,
அரியர் பணம் இன்னும் வராதவரின் சிரிப்பு.

நான் மீட்டர் கணக்கெடுப்பவள்.
கொசப்பேட்டையில் பதினோரு தெரு என் பொறுப்பு.
நாய்கள் என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டு வருடமாகிறது.
மனிதர்கள்தான் இன்னும்
என் கையிலிருக்கும் எந்திரத்தைப் பார்த்துப்
பேச்சை நிறுத்துகிறார்கள்.

இது கத்திரி.
பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பாறைமலை
ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் திருப்பித் தருகிறது,
வட்டியோடு.

டிவியில் நான்கு பேர் பேசிக்கொண்டார்கள்.
வீட்டுக் கரண்டுக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைக்கலாமா, கூடாதா.
நான்கு பேரும் கோட்டு போட்டிருந்தார்கள், மே மாதத்தில்.
விலைதான் சிக்கனத்தைக் கற்றுக்கொடுக்கும் என்றார் ஒருவர்.
உண்மைதான்.
ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவைக்கும் செங்கேணிக்கு
விலை கற்றுக்கொடுத்திருக்கிறது:
மாவு பொங்கி வழிவது
விடியற்காலை மூன்றரைக்கு.

சரி, மூடி போடுங்கள்.
போட்டால் ஆவி எங்கே போகும்?
ராணிப்பேட்டை தோல் ஷெட்டில்
டிரம் சுற்றும் மோட்டாருக்கு அந்த மிச்சம் ஏறும்.
முதலாளி ராத்திரி ஷிஃப்டைத் தூக்குவார்.
செங்கேணியின் புருஷனுக்கு ராத்திரி ஷிஃப்ட்.
பில்லில் குறைந்ததும் கூலியில் குறைந்ததும்
ஒரே ரூபாயா என்று எழுத
வெள்ளை அட்டையில் கட்டம் இல்லை.

அப்புறம் ஏகாம்பரத்தின் வீடு.
கீழே அவர், மாடியில் வாடகைக்கு ரஹ்மதுன்னிசா.
மாடிக்குத் தனியாக ஒரு குட்டி மீட்டர்,
யூனிட்டுக்கு அவர் வைத்ததே விலை.
அரசாங்கம் தரும் இலவச நூறு யூனிட்
அந்தப் படியில் ஒருநாளும் ஏறியதில்லை.
முழங்கால் வலி போலிருக்கிறது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டுதான்
பதினாறாம் தேதி தனகோட்டி வீட்டுக்குப் போனேன்.
முப்பது வருடம் தோல் பதனிட்ட நெஞ்சு.
கட்டிலோரம் ஆக்ஸிஜன் மெஷின்
டொக்கென்று தட்டி புஸ்ஸென்று விடும்,
பகலும் ராவும்.
அவர் மூச்சை நான் யூனிட்டில் எண்ணுகிறேன்.

மீட்டர் பெட்டிக்குக் கீழே சுவரில்
மரகதம் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தாள்.
12 – 476
13 – 482
14 – 488
நானூற்று எண்பத்தெட்டைச் சுற்றி ஒரு வட்டம்.
பதினான்கு நான் வர வேண்டிய நாள்.
வட்டத்துக்குள் ஐந்நூறு அடங்கிவிட்டது என்று
அன்றைக்கு அவள் ஒரு டம்ளர் கூடுதலாக டீ போட்டிருக்கலாம்.

நான் வரவில்லை.
ஆறு பேர் பார்த்த வேலையை இரண்டு பேர் பார்க்கிறோம்.
விலையைக் கட்டிப்போட்ட நஷ்டத்தை ஈடுகட்ட
நிரப்பாமல் விட்ட நாற்காலி நான்கு.
அந்த நாற்காலிகள்தான் இரண்டு நாள் தாமதமாக
இந்த வாசலுக்கு வந்து நிற்கின்றன.

ஐந்நூற்று ஒன்று.
ஐந்நூறைத் தாண்டினால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமல்ல,
பின்னால் வரிசையில் நின்ற யூனிட்டுகளுக்கும் விலை மாறும்.
எந்திரம் கேட்டது: உறுதி செய்யவா?
ஆம். இல்லை.
அந்த நான்கு கோட்டுக்காரர்களிடமும்
இந்த இரண்டு பொத்தான்தான் இருந்தது.

வரம்பு வேண்டும், மரகதம்.
இந்த மெஷினுக்காவது வேண்டும்.
யார் பாக்கெட்டிலிருந்து என்று கேட்காமல்
அதை என்னால் சொல்ல முடியவில்லை.
கேட்டுவிட்டுச் சொல்லவும் முடியவில்லை.
விரல் பொத்தான்மேல் நின்றது.

அவள் சுவரைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தாள்.
"இப்படி வேர்த்துக் கொட்டுதே, உள்ள வந்து உட்காரும்மா"
என்று எனக்காக ஃபேனைப் போட்டாள்.

மீட்டரின் சிவப்புப் பொட்டு
கொஞ்சம் வேகமாகச் சிமிட்டத் தொடங்கியது.