இரண்டு அங்குலச் சாய்வு

நீர்ப்பாசனப் பகுதி வெள்ளைக்காரனின்
ஐந்து குதிரைகள் நின்ற கட்டடம்.
பங்களா எப்போதோ தரைமட்டம்.
லாயம் மட்டும்
ஆலமரம் ஒன்றை முதுகில் சுமந்தபடி
ஒட்டுசுட்டான் றோட்டில் கிடந்தது.

கடன் பத்திரத்தில் கையெழுத்து வைத்த அன்று
வங்கி மனேச்சர் கேட்டார்:
"அக்கா, இதுக்கை ஆர் வந்து படுப்பினம்?"
வௌவால்கள் ஏற்கெனவே படுத்திருந்தன,
வாடகை தராமல், தலைகீழாக.

வேரை இழுத்தால் சுவரும் வரும் என்றார் மேசன் அருமைத்துரை.
வேரை விட்டால் சுவர் வெடிக்கும் என்றேன்.
இருவர் சொன்னதும் நடந்தது.
வடக்குச் சுவர் ஒரு மத்தியானம்
பெருமூச்சு விட்டு இருந்துகொண்டது.
அதே கல்லைக் கழுவி, அதே இடத்தில்
சுண்ணாம்பு குழைத்து அடுக்கப் பதினொரு நாள்.

சன்னம் துளைத்த ஓட்டைகள் முப்பத்துநாலு.
எண்ணியவன் பிளம்பிங் பெடியன் றொபின்சன்.
"விடுவமா அக்கா? ஆக்கள் படம் எடுப்பினம்."
பூசு என்றேன்.
ஒன்றுக்குள் குளவி கூடு வைத்திருந்தது.
அது பறக்கும்வரை
அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தோம்.
பூசின வேலைக்கு அருமைத்துரை கணக்கு எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.

நிலம்தான் வழக்கு.
பத்திநாதர் கட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்.
மெத்தைமேல் வைத்த கொட்டைப்பாக்கு
கால்மாட்டுக்கு உருண்டது.
மட்டப்பலகை வைத்துப் பார்த்தார்.
குமிழி ஓடிப்போய் மூலையில் ஒட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்றது.
இரண்டு அங்குலம்.
குதிரை மூத்திரம் வாய்க்காலுக்கு ஓடவென்று
எவனோ ஒருவன் கணக்காகப் போட்ட சாய்வு,
இத்தனை காலமும் பிசகவில்லை.

"கல்லைக் கிளப்பிச் சீமெந்து போட்டால் மட்டமாகும்."
காசில்லை என்றேன்.
அது பாதி உண்மை.
மேட்டுப் பக்கத்து இரண்டு காலிலும்
இரண்டு அங்குலம் அரிந்தார் பத்திநாதர்.
முதிரைத் தூளைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
"இந்தக் கட்டில் இனி
வேற எந்த வீட்டிலையும் நேரா நிக்காது."

பிறகு எல்லாம் வந்தது:
நுளம்பு வலை, சுடுதண்ணி, ஏசி,
பாலைமரம் மட்டும் எட்டுகிற வைஃபை.

மூன்றாம் அறைச் சுவரில் ஓர் இரும்பு வளையம்,
குதிரை கட்டுகிறது.
றொபின்சன் கிறைண்டர் பிடித்தான், பொறி பறந்தது.
"விடு" என்றேன்.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.
தேத்தண்ணி போடப் போனேன்.
வந்து பார்க்க, அதற்குக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தான்.

முதல் ஆள் குருநாகல் ஹேரத்,
தண்ணீர் மோட்டர் விற்கிறவர்.
குளித்து வந்து ஈரத் துவாயை வளையத்தில் போட்டார்.
"இது எதுக்கு?" தமிழில்தான் கேட்டார்.
குதிரைக்கு என்றேன்.
"குதிரை!" என்று சந்தோசப்பட்டுப் படம் எடுத்தார்.

அந்தக் கார்த்திகையில்
இந்த ஓர் அறைக்குள் மூன்று குடும்பம்.
வளையத்துக்கும் கதவுக் கொண்டிக்கும் இடையில்
என் நூல்சேலை, ஏணையாய்.
உள்ளே ஆரூரன், பிறந்து இருபத்தாறாம் நாள்.
ஐந்து நாள் விடாத மழை.
கூரையால் விழுந்த தண்ணீர் முழுக்க
சொல்லி வைத்ததுபோல் வாய்க்காலுக்குப் போனது.
பாய் நனையவில்லை.
ஆட்ட ஆட்ட என் கால் மட்டும்
பள்ளத்துக்கு வழுக்கிக்கொண்டேயிருந்தது.
பத்திநாதர் குமிழியோடு மல்லுக்கட்டியபோது
வாசலில் பேசாமல் நின்றேன்.

ஆரூரன் இப்போது
முன்னறையில் பில் போடுகிறான்,
காதில் இயர்போன், கூப்பிட்டால் கேட்காது.

காலையில் ஹேரத்துக்கு ஒரு முறைப்பாடு.
இரவு பேனை விழுந்ததாம்,
தேடினால் கதவடியில் கிடந்ததாம்.
"மிஸ், நிலம் கொஞ்சம்..." என்று
கையைச் சரித்துக் காட்டினார்.
ஓம் என்றேன்.
இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தேன்.