விட்டுப்போன ஒன்று

அம்பகாமம் காட்டை
முழங்காலில் நின்று பார்த்தவள் நான்.
ஒரு நாளைக்குப் பத்துச் சதுர மீற்றர்,
வெயில் ஏறினால் ஏழு.
முகக்கண்ணாடிக்குள் வேர்வை சொட்டச் சொட்ட
சருகை விலக்கி, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி
ஒன்பது வருசம்.
எனக்குத் தெரியாத வேர் அங்கே இல்லை.

மனுசக்கால் படப் பயந்த அந்த மண்ணில்
மரை பெருகிக் கிடந்தது.
நாங்கள் வெள்ளைக்கட்டை நட்டு வரிசை பிடிக்க
அங்கால் நின்று காதை ஆட்டிக்கொண்டு பார்க்கும்.
மிதித்துச் செத்தவையும் உண்டு.
எலும்பைப் படமெடுத்து, திகதி போட்டு, அறிக்கையில் சேர்த்தோம்.
ஆனாலும் கூடிக்கொண்டுதான் வந்தன.
மிதிவெடிக்குப் பசி ஒருமுறைதான்.

இப்ப வேறு வேலை, மூன்று மாச ஒப்பந்தம்.
பையில் அளவுநாடா, ஒரு கட்டுப் படிவம்.
தலைப்பு: புதுப்பிக்கத்தக்க இயற்கை வளம்.
அடிச்சுவடு, புழுக்கை, கொம்பு உரசிய மரம்
எல்லாம் எண்ணி நிரப்பவேணும்.
ஆறாம் நிரல் கேட்கிறது:
கையிருப்புக் குறையாமல் ஆண்டுக்கு எத்தனை எடுக்கலாம்?

கேள்வியில் பிழையில்லை.
நானும் மரைவத்தல் தின்று வளர்ந்தவள்.
இடம்பெயர்ந்த வருசம் ஐயா கொண்டுவந்த ஒரு தொடையில்
நாலு குடும்பம் உயிர் பிடித்தது.
முதலைத் தொடாமல் வட்டியைத் தின்,
சங்கக்கடைக் கணக்குப்போல நேரான கேள்வி.
பன்றி ஓர் ஈற்றில் ஐந்தாறு போடும்.
மரை எட்டு மாசம் சுமந்து
ஒன்று.
அதுவும் தண்ணிக்கு வரும் ஒற்றையடிப் பாதையில்
மோட்டார்சைக்கிள் கிளச் கம்பி
சுருக்காகிக் காத்திருக்கிறது.

பாதை எது?
நான் துப்பரவாக்கிய நாலாம் வரிசை.
கட்டை நட்ட குழிகள்கூட இன்னும் தூரவில்லை.
அந்த வழியேதான் தவக்குமார்
சயிக்கிளில் சாக்குக் கட்டிக்கொண்டு போகிறான்.
"அக்கா பார்த்த காணி,
கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம்"
என்று ஒலுமடுச் சந்தியில் சொல்லுவானாம்.

போன கிழமை சுருக்கில் கிடந்தது பெட்டை.
மடியில் பால் கசிந்து
கீழே மண் நனைந்திருந்தது.
குட்டியைத் தேடினேன்.
சின்னஞ்சிறு குளம்படி
குளத்துப்பக்கம் கொஞ்சத்தூரம் போய்
கல்லுத்தரையில் இல்லாமல் போனது.
அதற்கு நிரல் இல்லை.

வீட்டில் கோழிக்கூட்டுக்குக் கூரையாய்
ஒரு சிவப்புப் பலகை கிடந்தது.
மண்டையோடு, இரண்டு எலும்பு, மூன்று மொழி.
வேலை முடிந்த அன்று ஞாபகத்துக்கு எடுத்துவந்தது.
எச்சத்தைக் கழுவித் துடைத்து
விடியமுன் கொண்டுபோய்
நாலாம் வரிசை தொடங்குமிடத்துப் பாலையில் கட்டினேன்,
அவனுடைய கம்பியாலேயே.

பின்னேரம் தவக்குமார் படலையில் நின்றான்.
"அக்கா, அது நீங்கள் முடிச்ச துண்டல்லோ?"

ஒன்பது வருசத்தில்
என் கைக்குத் தப்பியது ஒன்றுமில்லை.
சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது,
அவன் நின்ற இடத்திலிருந்தே தெரியும்.

"ஒண்டு விட்டுப்போச்சு, தம்பி" என்றேன்.

கனநேரம் என்னையே பார்த்தான்.
பிறகு எங்கள் முற்றத்து மண்ணிலும்
பார்த்துப் பார்த்துக் கால் வைத்து
சயிக்கிளடிக்குப் போனான்.