எண் மூன்று

பேட்டரி என்றால் டார்ச்சுக்குள் போடுவதல்ல,
எட்டுப் பீரங்கி.
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
நான்கு நான்காய்ப் பிரித்தால் ட்ரூப்; அதற்கு எழுத்து.
மூன்று பேட்டரி சேர்ந்தால் ரெஜிமென்ட்.
ரெஜிமென்ட்டை மையால் எழுது,
பேட்டரியைப் பென்சிலால். அவை இடம் மாறும்.

பீரங்கிக்கு ஆறு பேர். அவர்களும் எண்கள்தான்.
ஒன்று, அதட்டும் சார்ஜென்ட்.
இரண்டு, பின்கதவை மூடும் கை.
மூன்று, குறிபார்க்கும் கண்.
மற்றதெல்லாம் குண்டு சுமக்கும் முதுகு.
மூன்று விழுந்தால் இன்னொருவன் நகர்ந்து மூன்றாவான்.
விழுந்தது யாரென்று பீரங்கி கேட்பதில்லை.

ஜூனில் 617 பாலைவனத்தில் முடிந்துபோனது.
ரப்பரை எடுத்தேன்.
"அழிக்காதீர்கள், மிஸ் தாக்ரா" என்றார் கேப்டன்,
"உயிர் நிறுத்திவைக்கப்பட்டது என்று எழுதுங்கள்."
எழுதினேன்.
அக்டோபரில் அந்த எண்ணை
வேல்ஸ் மழையில் நடுங்கிய பையன்களுக்குக் கொடுத்தோம்.

பிறகு ஒரு பார்சல்.
பின்புறம் ஹல் நகரம், திருமதி லெட்கார்ட்.
முன்புறம் நனைந்து பெயர் கரைந்திருந்தது,
எண்கள் கரையவில்லை:
617, டி ட்ரூப், எண் மூன்று.
நானே முத்திரை குத்தி வேல்ஸுக்கு அனுப்பினேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது,
ஊர் தெரியாததால் எங்கள் அலுவலகம் வழியாக.
"அன்புள்ள அம்மா,
கம்பளிக் காலுறை கச்சிதம்.
இடது கால் மட்டும் கொஞ்சம் இறுக்கம்.
இங்கே எல்லோரும் நலம்.
கன்னர் இட்வால்."

மதியம் முழுக்க அது மேசைமேல் கிடந்தது.
நான்கு மணிக்கு உறையை இழுத்து
ஹல் முகவரியை எழுதத் தொடங்கினேன்,
பென்சிலால்.