ஜன்னலைக் கழிக்காமல்

நீளம் முப்பத்திரண்டு, உயரம் பதினொன்று.
முந்நூற்று ஐம்பத்திரண்டு சதுர அடி.
ஜன்னல் இரண்டு, நாலுக்கு ஐந்து.
கழித்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு.
அடிக்கு நூற்றெண்பது ரூபாய்.
கமிட்டியின் பொருளாளர் நான்.
பெருக்கி முடித்துத் தலை நிமிர்ந்தால்
சுவரை ருசி பார்த்துக்கொண்டிருந்தாள் தௌலத் நிஷா.

சுண்டுவிரலால் தடவி, நுனிநாக்கில் வைத்து,
"உப்பு" என்றாள்.
"ஐஸ் கம்பெனிச் சுவர் சார்.
முப்பது வருஷம் குடிச்சதை இன்னும் கக்குது.
பங்குனி வரைக்கும் காயட்டும்.
அவசரப்பட்டா அப்பளமாப் பொரிஞ்சிடும்."
திறப்பு விழா தையில்.
அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருந்தது.

என்ன வரைவது என்று அன்று சாயங்காலம் கூடினோம்.
புத்தகங்கள் காய்த்த மரம், என்றார் தலைவர்.
ஓரத்தில் சின்னதாய் ஒரு முகம், என்றார்
கவுன்சிலரோடு வந்தவர்.
யார் முகம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கலங்கரை விளக்கம், கப்பல், அலை என்று
பேச்சு கடலுக்குள் இறங்கியபோது
துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் தையல்நாயகி
(நன்கொடை ஐயாயிரம், ரசீது எண் பதினொன்று)
குரலை உயர்த்தினாள்.
"கடலா? கதவைத் திறந்தா கடல்.
ஒரு தடவை கதவைத் திறக்காமலேயே உள்ள வந்துச்சு.
சுவத்துலயும் எதுக்கு?"

வேறென்ன வேண்டுமாம்?

கடைசி விலைக்கு மேல் யாரும் கேட்காத
அந்த ஒரு நொடி போல நின்றாள்.
"மாடிப்படி."

சிரித்தார்கள். நானும்தான்.
"எங்க தெருவுல அன்னைக்கு மாடி வீடு ஒண்ணுகூட இல்ல.
கையில புள்ளையை வச்சுக்கிட்டு
ஏற ஒரு படியைத் தேடினேன்" என்றாள்.
பிறகு டீ வந்தது.
தீர்மானப் புத்தகத்தில் செயலாளர் எழுதியது:
'இயற்கைக் காட்சி, ஏகமனதாக.'

வெளியே ஸ்கூட்டியைக் கிளப்பும்முன் நிஷா கேட்டாள்:
"ஜன்னலை ஏன் சார் கழிச்சீங்க?"
"ஜன்னல்ல என்னம்மா வரைவ?"
"வெறும் சுவத்துல கை தானாப் போகும்.
ஓட்டைகிட்ட வந்தாத்தான் யோசிக்கணும்."
ஏழாயிரத்து இருநூறு ரூபாய் யோசனை.
அந்தக் காசுக்கு ஒரு இரும்பு பீரோ வரும்.
முடியாது என்றேன்.
முன்பணம் மட்டும் எண்ணிக் கொடுத்தேன், இருமுறை.

தையில் வெள்ளைச் சுவரோடு திறந்தார்கள்.
பேனர் மறைத்துக் காப்பாற்றியது.
பங்குனியில் சாரம் ஏறியது.
பத்தொன்பது நாள்
டர்பன்டைன் வாசனையில் பேப்பர் படித்தோம்.

இறுதிப் பட்டியலுக்கு டேப்போடு போனேன்.
தரையில் தொடங்குகிறது படிக்கட்டு.
ஆள் இல்லை, கைப்பிடி இல்லை.
நாலாம் படியில் விரிசல்.
ஒன்பதாம் படியில் ஒற்றைச் செருப்பு.
பதிமூன்றில் திரும்பி மூச்சு வாங்க ஓர் இடம்,
அது நான் கழித்த ஜன்னல்.
அதற்குள் உப்பனாறு, சிப்காட் புகை,
எங்கள் சுவரில் சிறுநீர் கழிக்கும் ஒரு பையன்.
மறுபடி ஏறி, இரண்டாம் ஜன்னலில் நின்று,
கூரையைத் தொட்டு முடிந்துபோகிறது.

கூடையை வாசலில் இறக்கிவிட்டு
தையல்நாயகி வந்தாள்.
விரல் நீட்டி எண்ணினாள். இருபத்தேழு.
கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"போதும்" என்றாள்.
கூடையில் மத்தி கெட்டுவிடும் என்று கிளம்பினாள்.

முந்நூற்று ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்.
ஜன்னலுக்கு எதற்குக் கூலி என்று
தணிக்கையில் கேட்பார்கள்.
குறிப்புக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

முதல் படியில் சாய்ந்து
காமிக்ஸ் படிக்கிறாள் ஒரு சிறுமி.
அவள் தலை எண்ணெய் அதற்குள் சுவரில் ஒரு வட்டம் போட்டாயிற்று.
மூன்றாம் படியில் வெள்ளையாய் என்னவோ
மெல்லப் பூத்திருக்கிறது.
யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு
தொட்டு
நாக்கில் வைத்தேன்.